நாலு முடிச்சு நீலம்

அக்காவின் துணி அறையை நான் நாலே நாளில் அடுக்கி முடித்தேன். அதுவரை அந்த அறை அடுக்கப்படாமல் கிடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்த மேதாவி நான், வேறு எப்படி நினைப்பேன்.

என் வேலை அப்படி. ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் பொறுப்பு. மாத்திரை ஒரு பக்கம், ஊசி மருந்து ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம். பெரியது கீழே, சிறியது மேலே. என் கிடங்கில் எதையும் தேடிக்கொண்டு யாரும் நின்றதில்லை. வீட்டில் எனக்கு 'ஸ்டோர்' என்றே பெயர். ஸ்டோர் வருது, செருப்பை நேராப் போடுங்க என்று அண்ணன் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்து ஒட்டுப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். துண்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நட்சத்திரமும் பூவுமாக மேல்துணி செய்து, அடியில் பஞ்சு விரித்துத் தைக்கிற போர்வை. ஒன்றை முடிக்க இரண்டு மாதம் பிடிக்கும். அவளைப் பார்க்க நாங்கள் யாரும் அடிக்கடி போவதில்லை. மாதம் ஒருமுறை நான் போனால் அதிகம். போனாலும் நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன வருடம் அவள் மாடிப்படியில் விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாள். மூக்குக்கண்ணாடியும் விழுந்து நொறுங்கிவிட்டதாம். அதனால் ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் அவள் கையில் எதைக் கொடுத்தாலும் தடவித்தான் வாங்கினாள். கண்ணாடி இல்லாதவள் தடவத்தானே செய்வாள் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே அவள் பழைய சீட்டைத் தேடி எடுத்து, அதே பவரில் புதுக் கண்ணாடி செய்து கொண்டுபோய் மாட்டிவிட்டேன். எப்படி இருக்கு என்று கேட்டேன். "பளிச்சுனு இருக்கு" என்றாள்.

அவள் விழுந்ததோடு அண்ணன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாதக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பதாக அங்கே சொல்லியிருந்தார்கள். தனியாகச் செத்துக் கிடந்தால் நாலு நாள் கழித்துத்தான் நமக்கே தெரியும் என்று அவர் சொன்னபோது அவர் குரல் கம்மியது. கெட்டவர் இல்லை அவர். ஆனால் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

அக்கா கட்டிலில் படுத்தபடியே அவரோடு பேரம் பேசினாள். ஒரு பல் டாக்டரம்மாவுக்குப் போர்வை ஒத்துக்கொண்டிருந்தாள். நீலமும் வெள்ளையும் மட்டும், நடுவில் கருநீல நட்சத்திரங்கள், ஓரத்துக்குப் போகப்போக வெளிறிக்கொண்டே போக வேண்டும். துணியெல்லாம் வெட்டியாகிவிட்டது, தைக்க வேண்டியதுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் யார் உதவியும் இல்லாமல் அதை முடித்துக் கொடுத்துவிட்டால் இல்லப் பேச்சையே எடுக்கக் கூடாது. முடிக்காவிட்டால் அவளே பெட்டியைக் கட்டுவாள். அண்ணன் யோசித்துவிட்டுச் சரி என்றார். அக்கா அந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். இதை நான் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். துணி அறையைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. சுவிட்சைப் போட்டால் பல்பு எரியவில்லை. ஏறிப் பார்த்தால் ஹோல்டரைச் சுற்றிச் சிலந்தி கூடு கட்டியிருந்தது. எத்தனை மாதமாக இருட்டில் உட்கார்ந்து தைக்கிறாளோ, கஞ்சம் பிடித்தவள் என்று திட்டிக்கொண்டே புது பல்பு மாட்டினேன்.

வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் மோசம். இரண்டு இரும்பு அலமாரி, ஒரு பீரோ, சுவரோரம் ஒன்பது அட்டைப்பெட்டி. எல்லாவற்றிலும் துணி. மூன்று மீட்டர் துணியின் மேல் உள்ளங்கை அகலத் துண்டு, அதன் மேல் ஒரு மீட்டர், அதன் மேல் நாடா மாதிரி ஒரு கிழிசல். நிறம் மட்டும் ஏதோ ஒன்றாகச் சேர்ந்திருந்தது. சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. நிறம்தான் பார்த்தாலே தெரிகிறதே, அதற்கு எதற்குத் தனி இடம், கண் எதற்கு இருக்கிறது? துணியில் பார்த்தவுடன் தெரியாதது அளவுதான். அளவு வாரியாக அடுக்கினால் வேண்டியதை வேண்டிய நேரத்தில் உருவலாம். இப்படி என் மனசுக்குள் ஒரு பிரசங்கமே செய்தேன்.

இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு துணியின் மூலையிலும் ஒரு நூல் தொங்கியது, அதில் முடிச்சுகள். சிலதில் ஒன்று, சிலதில் மூன்று, நான்கு. துணி மடிப்பில் படியாமல் அந்த இடம் துருத்திக்கொண்டு நின்றது. ஓரம் பிரியாமல் இருக்கப் போட்டிருப்பாள், போட்டவள் நறுக்கிவிட வேண்டாமா என்று நினைத்தேன். கத்தரியை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு பகல் முழுக்க அதுதான் வேலை. கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.

மறுநாள் டப்பாக்கள். பழைய பிஸ்கட் டப்பா பதினாலு, எல்லாவற்றிலும் வெட்டிய துண்டுகள். சின்னச் சின்னக் கட்டாக நூலால் கட்டியிருந்தாள், அந்த நூலிலும் முடிச்சு. அவிழ்த்துப் போட்டு, முக்கோணம் எல்லாம் ஒரு டப்பா, சதுரம் எல்லாம் ஒரு டப்பா, நீளத்துண்டு ஒரு டப்பா என்று பிரித்தேன். பல் டாக்டரம்மாவின் நீலமும் அதில்தான் இருந்தது. நீலம்தானே, கலந்து கிடந்தாலும் பளிச்சென்று தெரியும், பொறுக்கி எடுத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். மீட்டர் துணிகளை இஸ்திரி போட்டு, ஒரே அகலத்தில் மடித்து, அந்துருண்டை வைத்து, அலமாரியில் ஏற்றினேன். நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே கண் நிறைந்தது. ஒரு மடிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்று பதில் வந்தது.

வெட்டிய நூலையெல்லாம் ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். பை பஞ்சு மாதிரி இருந்தது, கனமே இல்லை.

அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று முதலில் அந்த அறைக்குத்தான் கூட்டிப்போனேன். திரையை விலக்கி, பல்பையும் போட்டுவிட்டு, பார் என்றேன். அவள் வாசற்படியில் நின்றாள். அந்துருண்டை வாசனையை இழுத்தாள். பிறகு மெதுவாக உள்ளே போய் முதல் தட்டில் கை வைத்தாள். கை ஒவ்வொரு மடிப்பாகக் கீழே இறங்கி வந்தது. அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. துணியின் மூலையைப் பிடித்துப் பிடித்து விட்டாள்.

"நூல் இருந்துச்சே, முடிச்சுப் போட்டு?"

"எல்லாத்தையும் வெட்டிட்டேன். அசிங்கமாத் தொங்கிட்டு இருந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுவிடாம."

அவள் கை அப்படியே நின்றது. அப்புறம், "சுத்தமா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. நாலு நாள் முதுகு ஒடிய வேலை செய்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா? அன்று நான் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

அந்த மாதம் சனி ஞாயிறு தவறாமல் போனேன். போகும்போதெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு காந்தக் கட்டையை ஒட்டியிருந்தாள், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும், தையல் நூல் பிடித்த மாதிரி விழும். இப்போது நினைத்துப் பார்த்தால் அவள் மெஷினைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. முகம் எப்போதும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருக்கும். எதையோ யோசித்துக்கொண்டு தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை அவள் கேட்டாள். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த முக்கோண டப்பாலேர்ந்து கருநீலத்த மட்டும் கொஞ்சம் பொறுக்கிக் கொடேன். கால் கடுக்குது, எழுந்திரிக்க முடியல."

டப்பா அவளிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். யார் உதவியும் இல்லாமல் முடிக்கிறேன் என்று அண்ணனிடம் சவால் விட்டதும் அவள்தான். "நீயே எழுந்து எடு, இல்லாட்டி கால் மரத்துப் போயிடும்" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். சரிதான், ஸ்டோர் சொன்னா சரிதான் என்றாள். எழுந்தாள், வாக்கரைப் பிடித்து நாலடி நடந்தாள், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத் தட்டை அடுக்க ஆரம்பித்தேன்.

மாதக் கடைசி ஞாயிறு அண்ணன் வந்தார். பல் டாக்டரம்மாவும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அக்கா தலை வாரி, இஸ்திரி போட்ட துணி உடுத்தி, நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை மடித்துக் கட்டிலில் இருந்தது. வெளியே தெரிந்த பக்கம் அடித்துணி, வெறும் வெள்ளை. நானும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தோம்.

நடுவில் நாலு நட்சத்திரம் இருந்தது, கருநீலம், அப்பழுக்கில்லாத நீலம். அதைச் சுற்றி ரத்தச் சிவப்பும் கடுகு மஞ்சளும். கறுப்பு. வாத்து படம் போட்ட குழந்தைத் துணி. பச்சை, காவி, நடுவில் ஒரே ஒரு நீலம், மறுபடி பழுப்பு. நட்சத்திரங்கள் இருந்தன, ஆனால் ஒரு கால் ஒரு நிறம், இன்னொரு கால் இன்னொரு நிறமாகக் கண்ணுக்கே பிடிபடவில்லை. தையல் மட்டும் ஓர் இடத்தில் விலகியிருக்கவில்லை. எட்டு முனைகள் சேருகிற இடத்தில் எட்டும் ஊசிமுனையில் சேர்ந்திருந்தன.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அக்கா எங்கள் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வெளிச்சம் பத்தலையா?" என்றாள். "திரையை விலக்கிப் பாருங்க."

திரை விலகித்தான் இருந்தது. வெயில் அவள் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது, அவள் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிலந்தி கட்டிய பல்பு, ஜன்னலைப் பார்த்தபடி தைக்கிற முகம், கால் கடுக்குது என்று கேட்ட கருநீலம், ஒரு பை நிறைய முடிச்சு.

அக்காவுக்கும் அந்த மௌனத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணனையோ டாக்டரம்மாவையோ கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"எவ்வளவு தப்பாயிருக்கு?"

"கொஞ்சம்தான்" என்றேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு மாத்திரையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவள் நான்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. எனக்குப் பிடிச்சிருக்கு, எடுத்துக்கறேன் என்றார். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். நீங்கள் கேட்டது நீலம், நான் வேறு எதையோ கொடுக்கக் கூடாது என்றாள். அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டு, எங்களிடம் விடைபெறாமலே போனார்.

அண்ணன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று மூன்று விரலைக் காட்டி இது எத்தனை என்று கேட்டார். சின்னப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் விரலை மடக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், நீ என்ன சொல்கிறாய் என்றார். அந்த ஒரு நிமிடம் என் கையில் இருந்தது. முடிச்சை வெட்டியது நான், அது இருந்தவரை இவள் எந்தப் போர்வையையும் தப்பாகத் தைக்கவில்லை, திரும்பக் கட்டிக் கொடுத்தால் இன்னும் பத்து வருடம் இங்கேயே இருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் நாளைக்கே மறுபடி விழுந்தால் பழி யார் மேல் வரும் என்றுதான் புத்தி போயிற்று. "தனியா விட முடியாதுண்ணா" என்றேன்.

அண்ணன் போன் பேச வெளியே போனார். அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மங்க ஆரம்பித்துப் பதினோரு வருடம், சுத்தமாகப் போய் மூன்று வருடம் என்றாள். கண்ணுக்குள் அழுத்தமாம், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பார்வை மிச்சம் இருந்தபோதே ஒவ்வொரு துணியாக எடுத்து முடிச்சுப் போட்டு வைத்தாளாம். வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு நாலு, மற்ற நிறங்களுக்கு அதற்கு மேல். கருநீலம் என்றால் நாலாவது முடிச்சு பெரிது. புதுத் துணி வாங்கினால் கடைக்காரப் பெண்ணை நிறம் சொல்லச் சொல்லி அங்கேயே முடிந்துகொள்வாள். விழுந்தது செருப்பு வாரால் இல்லை, தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவன் படியில் வைத்திருந்த சாமான் பெட்டியால். நடுவில் சரியாக வந்த அந்த நாலு நட்சத்திரத்துக்கு நீலம் பொறுக்கிக் கொடுத்தது கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள். அஞ்சு நிமிஷம் பொறுக்கிவிட்டு நேரமாச்சும்மா என்று போய்விட்டானாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

எதை எதையோ சொல்ல வந்தது. அவள் கண் என் தோளுக்கு மேலே எங்கோ இருந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லியிருப்பேன்" என்றேன்.

"அதான்" என்றாள். "அவருக்குப் பயந்து மறைக்கலடி. உனக்குப் பயந்துதான்."

என் வீட்டுக்கு வந்துவிடு என்று அழுதுகொண்டே கெஞ்சினேன். மகன், மருமகள், பேரன் என்று மூன்றாம் மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம், இருந்தாலும் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். "உன் வீட்டுலயா? என்னை எந்தத் தட்டுல அடுக்குவ?"

இல்லத்தில் ஆளுக்கொரு கட்டிலும் அரை அலமாரியும்தான். கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எந்தத் துணியை எடுத்து வைப்பது என்று கேட்டதற்கு, கைக்கு வருவதை வை, எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்றாள். நான் அந்த அறையில் போய் உட்கார்ந்து நல்ல துணியாக அறுபது பொறுக்கினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் நூல் கோத்து முடிச்சுப் போட்டேன். வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திறந்து அவள் கையை உள்ளே வைத்தேன். மேலிருந்த துணியின் மூலையைப் பிடித்தாள், விரல் நூலில் இறங்கியது. நீலம் என்றாள். அடுத்தது சிவப்பு. அடுத்தது மஞ்சள். ஒன்றும் தப்பவில்லை. சந்தோஷப்படுகிறாள் என்றே நினைத்துவிட்டேன்.

"நல்லாத்தான் போட்டிருக்க" என்றாள். "எதுல தைக்கிறது?"

மெஷின் உள்ளே விடமாட்டார்கள், சத்தம். ஊசி, கத்தரி, பிளேடு எதுவும் கூடாது என்று வாசல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வரும்போது நான் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன். முடியாது என்றார்கள்.

திரும்பி வந்தபோது அவள் பெட்டியில் மேலாக இருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு நகத்தால் முடிச்சை நெகிழ்த்திக்கொண்டிருந்தாள். நாலாவது அவிழ்ந்தது. பிறகு மூன்றாவது. அவசரமே இல்லை. எல்லாம் அவிழ்ந்ததும் நூலை நீவிவிட்டு, துணியை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"பொழுது போகணுமே. அறுபது இருக்கு, ஒரு வாரம் வரும்" என்றாள். "அடுத்த வாரம் வந்து மறுபடி போட்டு வச்சிட்டுப் போ."

ஒரு வருடம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போவேன். அறுபது துணியும் கட்டிலில் மடித்துத் தயாராக இருக்கும். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் இழுபடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.